வால்வு ஆம்ப்ளிபயரும் கிதாரும்: கடையில் சோதித்து வாங்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் பாதை கேரளத்துக்குள் நுழையும் இடத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், குமுளி என்னும் ஊர் இருக்கிறது. 1956 ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, குமுளியை உள்ளடக்கிய பீருமேடு வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் ஏலத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி வருவோரும், தலைமுறை தலைமுறையாக மலையிலேயே தங்கிவிட்டோரும் இன்றும் பலர். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுடைய வாழ்க்கையின் சிறிய மாதிரி ஒன்றை அங்கே காணலாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரு மொழி, திருவிழாவில் எல்லோருக்கும் பொதுவான இசை என்பதே அவ்வாழ்க்கை.

அந்த இசையில் கிதாருக்கும் ஓர் இடம் கிடைத்து நெடுங்காலமாயிற்று. தேவாலயப் பாடகர் குழுவிலும், திரைப்பாடல்களைப் பாடும் கானமேளைக் குழுவிலும் கிதார் இல்லாமல் இப்போது நடைபெறுவதில்லை. மலையடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்த இளையராஜா, தம் தமையனார் பாவலர் வரதராஜனுடைய இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று, பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்று, கிதார் வாசிப்பதிலும் தேர்ச்சி பெற்றவர் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகவே அப்பகுதி இளைஞர் ஒருவர் மின்சாரக் கிதாரைக் கையிலெடுப்பது வியப்புக்குரிய செய்தியன்று.

கிதார் வாங்குவதைவிட, அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயரை வாங்குவதே கடினமான காரியம். அதிலும் வால்வுகளால் இயங்கும் ஆம்ப்ளிபயர் ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலியை விழுங்கிவிடக் கூடியது. குமுளியிலிருந்து பெரிய இசைக்கருவிக் கடைகளை நாடுவோர் ஒருபுறம் மதுரைக்கும், மறுபுறம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோட்டயத்துக்கோ அதற்கும் அப்பால் கொச்சிக்கோ செல்ல வேண்டியிருக்கும். சென்னையில் 1842 இல் தோன்றிய மியூசி மியூசிகல், மும்பையில் 1865 இல் தோன்றிய பர்ட்டாடோஸ், கொல்கத்தாவின் லால்பஜார்ப் பகுதிக் கடைகள் ஆகியவை அந்தந்த நகரங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு அறிமுகமானவை. எந்தக் கடையாயினும், வாங்குவோருக்குக் கிடைப்பது அரைமணி அல்லது ஒருமணி நேரச் சோதனைதான். அந்த நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இங்கே விளக்குவோம்.

வால்வு செய்யும் வேலை

மின்சாரக் கிதாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில், காந்தத்தின்மீது மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய பிக்கப் என்னும் உறுப்பு இருக்கிறது. கம்பி அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒரு ஸ்பீக்கரை இயக்க இது போதாது. இதைப் பல்லாயிரம் மடங்கு வலுவாக்குவதே ஆம்ப்ளிபயரின் தொழில்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பி. அதனுள்ளே சூடேற்றப்படும் ஓர் உறுப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, அதைச் சுற்றியுள்ள உலோகத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு கம்பிவலை உண்டு. கிதாரிலிருந்து வரும் சிறிய மின்னழுத்தத்தை அந்த வலைக்குக் கொடுத்தால், பெரிய எலக்ட்ரான் ஓட்டம் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. வாய்க்காலின் மடையைச் சிறுவன் ஒருவன் ஏற்றி இறக்க, பெருநீர் அவன் கைக்குக் கட்டுப்படுவது போன்றது இது. 1904 இல் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரு முனை வால்வைச் செய்தார். 1906 இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையைச் சேர்த்தார். வானொலியும் பேசும் படமும் கிராமத் திருவிழாவின் மைக் செட்டும் அதன் பின்னரே சாத்தியமாயின.

1947 இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின், வால்வு படிப்படியாக வீடுகளிலிருந்து விடைபெற்றது. பெங்களூரில் 1954 இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 இல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கி, நாடெங்கும் உள்ள வானொலிப் பெட்டிகளுக்கு வழங்கியது. அந்த உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. எல்லாத் துறைகளிலும் ஓய்வு பெற்றுவிட்ட இந்தக் கண்ணாடிக் குப்பியைக் கிதார்க் கலைஞர்கள் மட்டும் ஏன் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்?

காரணம் இதுதான். எந்த ஆம்ப்ளிபயருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் ஒலியைத் தள்ளினால் அலையின் முடி சிதைகிறது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் அந்த முடி கத்தியால் வெட்டியதுபோல் திடீரென்று தட்டையாகிறது. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது. வால்வு ஆம்ப்ளிபயரிலோ முடி சிறிது சிறிதாக உருண்டு வளைகிறது. மூலச் சுரத்தோடு அதன் இரட்டிப்பும் மும்மடங்குமான மேலொலிகள் கலந்து, ஒலி தடித்து இனிக்கிறது. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் முறுக்கு என்று கையின் அழுத்தத்துக்கேற்பக் குரல் மாறுகிறது. வானொலிப் பொறியாளர் குறை என்று ஒதுக்கும் சிதைவைக் கிதார்க் கலைஞர் குணம் என்று கொள்கிறார். ஆகவே கடையில் நாம் சோதிக்க வேண்டியது ஒலியின் உரப்பையன்று. நம் கைக்கு அக்கருவி எவ்வாறு விடை சொல்கிறது என்பதையே.

கடையொன்றில் பிறந்த ஆம்ப்ளிபயர்

இதை விளக்க ஒரு வரலாறு உண்டு. லண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் 1960 இல் ஜிம் மார்ஷல் என்னும் டிரம் ஆசிரியர் ஓர் இசைக்கருவிக் கடையைத் திறந்தார். அங்கே வந்த இளம் கிதார்க் கலைஞர்கள், அமெரிக்காவிலிருந்து வரும் ஆம்ப்ளிபயர்களின் விலை தங்களுக்கு எட்டவில்லை என்றும், தாங்கள் மனத்தில் கேட்கும் ஒலி கடையிலுள்ள கருவிகளில் கிடைக்கவில்லை என்றும் கூறினார்கள். மார்ஷல் அதைக் காதில் போட்டுக்கொண்டார். தம் கடையில் பழுது பார்த்துவந்த கென் பிரான், இளைஞரான டட்லி கிரேவன் ஆகியோரைக் கொண்டு 1962 இல் ஒரு கருவியைச் செய்வித்தார். அமெரிக்காவில் லியோ பெண்டர் பாஸ் கிதாருக்காக ஆக்கிய பாஸ்மேன் என்னும் ஆம்ப்ளிபயரின் மின்சுற்றே அதற்கு முன்மாதிரி.

மின்சுற்று ஏறத்தாழ ஒன்றாயினும், பிறந்த குரல் வேறு. முதல் வால்வு மாறியது. டிரான்ஸ்பார்மர் மாறியது. திறந்த முதுகுள்ள பெட்டிக்குப் பதிலாக, மூடிய பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு வைக்கப்பட்டன. இந்தச் சிறு மாற்றங்களால் ஒலி விரைவில் முறுக்கேறி முன்னே பாய்ந்தது. பிற்காலத்து ராக் இசையின் முகமே அதனால் மாறிற்று. இதிலிருந்து வாங்குவோர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. விளம்பரத் தாளில் இரண்டு கருவிகளின் விவரங்கள் ஒத்திருந்தாலும், அவற்றின் குரல் ஒத்திருக்கும் என்று எண்ணலாகாது. காதே அங்கு நீதிபதி.

வாட்டுக் கணக்கில் ஏமாறாமை

கடைக்குள் நுழைந்தவுடன் பலரும் கேட்கும் முதற்கேள்வி, “இது எத்தனை வாட்டு?” என்பதுதான். இருமடங்கு வாட்டு இருமடங்கு உரப்பைத் தரும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறன்று. வாட்டு இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காது அதைச் சிறு ஏற்றமாகவே உணரும். இருமடங்கு உரப்பாகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட்டு வேண்டும். 10 வாட்டுக் கருவிக்கும் 100 வாட்டுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. ஸ்பீக்கரின் திறனும் இதில் சேரும். ஒரே வாட்டுக்கு 6 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர், நான்கு மடங்கு வாட்டுள்ள ஆம்ப்ளிபயருக்குச் சமமான பயனைத் தரும்.

வால்வு ஆம்ப்ளிபயரின் இனிமை, அதன் எல்லையை நெருங்கும்போதுதான் வெளிப்படும் என்றோம். 100 வாட்டுக் கருவியை அந்த எல்லைக்குக் கொண்டுசென்றால் வீட்டுச் சன்னல்கள் அதிரும். அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். மும்பையின் அடுக்குமாடி வீட்டிலோ, மலைத்தோட்டத்து வரிசை வீட்டிலோ வாழ்பவர் அதனை ஒருநாளும் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. வீட்டுப் பயிற்சிக்கு 5 வாட்டு தாராளம். தேவாலயத்திலும் சிறு மேடையிலும் 15 முதல் 22 வாட்டு வரை போதும். பெரிய மேடையில் கருவியின் முன் ஒரு மைக்கை வைத்துப் பொது ஒலிபெருக்கியில் சேர்த்துவிடுவதே வழக்கம். எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்னும் 22 வாட்டுக் கருவியின் எடை ஏறத்தாழ 19 கிலோ, வாக்ஸ் ஏ.சி. 30 என்னும் 30 வாட்டுக் கருவியின் எடை 30 கிலோவுக்கு மேல். மலைப் பேருந்தில் அதை ஏற்றி இறக்குவது வாசிப்பவருடைய தோள்தான்.

மின்சாரம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது தம்முடைய கிதாரையும் தம்முடைய கம்பியையும் எடுத்துச் செல்வது நன்று. கடையிலுள்ள விலையுயர்ந்த கிதாரில் கேட்ட ஒலி வீட்டுக்கு உடன் வராது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிதாரும், ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிதாரும் ஒரே ஆம்ப்ளிபயரை வெவ்வேறு அளவில் தள்ளும். எந்தக் கிதாரை வாசிக்கப் போகிறோமோ அதைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது அங்கே எழுதியிருக்கும். நம் நாட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள் மின்சாரம் வழங்கப்படுகிறது. அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பழைய கருவியை அப்படியே நம் சுவரில் செருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். வோல்ட்டை மாற்றும் வசதி அதில் உண்டா, இல்லையேல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, செருகியில் மூன்று முனைகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய முனை எர்த் இணைப்புக்கு உரியது. அது உடைக்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருந்தால் அக்கருவியைத் தொடாமலிருப்பதே அறிவுடைமை. கருகிய வாடை வீசுகிறதா, வால்வுகள் தம் குழியில் உறுதியாக அமர்ந்திருக்கின்றனவா, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்கப்படாத நிலையில் வால்வு ஆம்ப்ளிபயரை ஒருபோதும் இயக்கலாகாது. வால்வுகளின் உயர்ந்த மின்னழுத்தத்தை ஸ்பீக்கருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் டிரான்ஸ்பார்மர், சுமையில்லாமல் இயங்கினால் பழுதாகிவிடும். ஸ்பீக்கரின் ஓம் அளவும், ஆம்ப்ளிபயரின் பின்னால் 4, 8, 16 என்று குறிக்கப்பட்ட துளையின் அளவும் பொருந்த வேண்டும்.

காதால் செய்யும் சோதனை

விசையைப் போட்டவுடன் வால்வு பேசாது. உள்ளுறுப்பு சூடேறிச் செம்மஞ்சள் நிறமாக ஒளிர ஓரிரு நிமிடம் ஆகும். முழு நிலைக்கு வரக் கால்மணி நேரம் கொடுத்தல் நன்று. அந்நேரத்தில் வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே தெரியும் மங்கிய செம்மஞ்சள் ஒளி இயல்பானது. கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீல ஒளியாலும் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் வெளித் தகடே செக்கச் செவேலென்று பழுத்தால், வால்வின் வழியே அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். உடனே விசையை அணைத்துக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

கிதாரை இணைக்காமல் முதலில் மௌனத்தைக் கேட்க வேண்டும். மெல்லிய இரைச்சலும் முணுமுணுப்பும் எல்லா வால்வுக் கருவிகளிலும் உண்டு. முணுமுணுப்பு அறை முழுவதும் கேட்குமானால், மின்னோட்டத்தைச் சீராக்கும் மின்தேக்கிகள் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பினால் கரகரவென்று ஒலிக்கிறதா என்று பார்க்கலாம். அது பெரும்பாலும் தூசியால் வருவது, எளிதில் தீரும். கடைக்காரரின் அனுமதியோடு, ஒரு மரப் பென்சிலால் சிறிய வால்வின் தலையை இலேசாகத் தட்டினால், மணியடித்ததுபோல் ஸ்பீக்கரில் ஒலிக்கும் வால்வு தன் உறுதியை இழந்துவிட்டது என்று அறியலாம். கையால் தொடலாகாது; சுட்டுவிடும்.

இதன் பின்னரே கிதாரை இணைக்க வேண்டும். தொனிக் குமிழ்கள் அனைத்தையும் நடுவில் நிறுத்திவிட்டு, ஒரே கம்பியை மெல்லவும், நடுத்தரமாகவும், அழுத்தியும் மீட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் ஒரு முழு ஸ்வரக்கூட்டை மீட்டி, அது தேயும்வரை கேட்க வேண்டும். தேயும்போது ஒலி சீராகக் குறைகிறதா, இடையில் விட்டுவிட்டுக் கரகரக்கிறதா என்பதில் பல உண்மைகள் தெரியவரும்.

எல்லாச் சோதனைகளிலும் தலையாயது ஒன்று. ஆம்ப்ளிபயரின் ஒலியைச் சற்று முறுக்கேறும் அளவுக்கு உயர்த்திவைத்துவிட்டு, கிதாரிலுள்ள ஒலிக் குமிழை முழு அளவிலிருந்து பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். நல்ல வால்வுக் கருவியில் முறுக்கு மெல்லக் கரைந்து, தெளிந்த குரல் வெளிவரும். ஆயினும் அக்குரல் உயிரோடிருக்கும். மீண்டும் ஏற்றினால் முறுக்கு மீளும். கருவியைத் தொடாமலே, விரல் நுனியில் இரண்டு மூன்று குரல்கள் கிடைக்கும். இறக்கியவுடன் ஒலி போர்வையால் மூடியதுபோல் மங்குமானாலோ, எவ்வளவு இறக்கியும் ஒரே முறுக்காக நிற்குமானாலோ, அக்கருவி கைக்கு விடை சொல்லவில்லை என்று கொள்ளலாம்.

வாசிப்பவர் நிற்கும் இடமும் முக்கியம். பெட்டி தரையில் இருக்க, அதன் எதிரிலேயே நின்றால் கூரிய ஒலிகள் முழங்காலைத் தாக்கிவிட்டுப் போய்விடும். காதுக்கு மந்தமாகக் கேட்கும். அதை நம்பிக் கூர்மைக் குமிழை ஏற்றினால், பத்தடி தள்ளி அமர்ந்திருப்பவருக்குக் காது குத்தும். பெட்டியை ஒரு நாற்காலிமேல் வைத்தோ சாய்த்தோ கேட்பதும், நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லித் தாம் தள்ளி நின்று கேட்பதும் நல்ல முறை. கடையின் சுவரெங்கும் தொங்கும் கருவிகளும் சேர்ந்து அதிர்ந்து ஒலியை அழகுபடுத்திக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, எதை வாசித்துப் பார்ப்பது? கடையில் அமர்ந்ததும் தம் விரல் வேகத்தைக் காட்டும் ஆசை இளைஞர்களுக்கு இயல்பு. அதனால் கடையிலுள்ளவர்கள் வியக்கலாம். ஆம்ப்ளிபயரைப் பற்றி எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எந்தப் பாடலுக்குத் துணை வாசிப்போமோ, திருவிழா மேடையில் எந்தத் திரைப்பாடலின் இடையிசையை வாசிப்போமோ, அதையே அங்கும் வாசிக்க வேண்டும். பாடகரின் குரலோடு மோதாமல் ஒதுங்கி நிற்கும் ஒலி இக்கருவியில் உண்டா என்பதே குழுவில் வாசிப்பவருக்குரிய கேள்வி. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் சமமாக வைக்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே மேலானது என்று காது எப்போதும் தீர்ப்பளித்துவிடும். விற்பனைத் தந்திரங்களில் பழமையானது அதுதான்.

உயிரைக் காக்கும் ஒரு முனை

வால்வு ஆம்ப்ளிபயரின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை மின்னழுத்தம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஆகவே பயிற்சியில்லாதவர் மூடியைத் திறத்தல் கூடாது. இதைப் பலரும் அறிவர். அறியாத ஆபத்து வேறொன்று உண்டு.

1972 ஆம் ஆண்டு மே மாதம், வேல்சு நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் என்னும் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் கிதாரோடு நின்றவாறு மைக்கைத் தொட்டார். எர்த் இணைப்பு முறையாக இல்லாததால் மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். கிதாரின் கம்பிகள் ஆம்ப்ளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. மைக்கின் உடல் மைக் செட்டின் சட்டத்தோடு இணைந்தது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லையானால், இரண்டுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு தோன்றிவிடும். கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும்போது, இடையில் நிற்கும் மனிதனுடைய உடலே பாதையாகிவிடுகிறது.

மழையில் நனைந்த மேடை, அவசரமாக இழுத்த கம்பி, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த மின்சாரம் ஆகியவை நம் திருவிழாக்களில் புதியவையல்ல. ஆம்ப்ளிபயருக்கும் மைக் செட்டுக்கும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசையைப் பொருத்துவதும், மைக்கில் வாய் வைக்குமுன் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பதும் உயிரைக் காக்கும் பழக்கங்கள். முணுமுணுப்பு நிற்கிறது என்பதற்காக எர்த் முனையை நீக்கச் சொல்பவர் எவராயினும் அவர் சொல்லைக் கேட்கலாகாது. அந்த முணுமுணுப்பைத் தீர்க்க வேறு வழிகள் உண்டு. போன உயிரை மீட்க வழியில்லை.

மலையூரில் பேணும் முறை

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. ஒலிக்கு வலுவூட்டும் பெரிய வால்வுகள் தேய்ந்துபோகும் பொருள்கள். அடிக்கடி வாசிப்பவருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் அவற்றை மாற்ற நேரிடலாம். சிறிய வால்வுகள் அதைவிட நெடுநாள் உழைக்கும். மாற்று வால்வு எங்கே கிடைக்கும், மாற்றும்போது மின்னோட்டத்தை அளந்து சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் உண்டா என்று வாங்குமுன் கேட்பது நலம். பழைய வால்வு வானொலிகளைப் பழுது பார்த்த கைகள் இப்போது எங்கும் அருகிவிட்டன.

குமுளி போன்ற ஊர்களில் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை பல வாரம் ஓய்வதில்லை. ஈரத்தால் குமிழ்களின் உட்புறமும் செருகு துளைகளும் களிம்பேறும். கிதாரின் கழுத்தும் வளையும். வாரத்துக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம் கருவியை இயக்கி வைத்தால், வால்வின் சூடே ஈரத்தைப் போக்கிவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் ஸ்டெபிலைசர் வேண்டும். 30 வாட்டு ஒலி தரும் வால்வுக் கருவி 100 வாட்டுக்கு மேல் மின்சாரத்தை உறிஞ்சும். ஸ்டெபிலைசரை அதற்கேற்ப வாங்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்தவுடன் சூடான கருவியை ஜீப்பில் ஏற்றலாகாது. சூடான வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்ச்சியைத் தாங்கா; கால்மணி நேரம் ஆறவிட்ட பின்னரே எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், வால்வு தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அதில் இழிவில்லை. இன்றைய டிரான்சிஸ்டர்க் கருவிகளும், வால்வின் குரலைக் கணக்கிட்டு ஒலிக்கும் டிஜிட்டல் கருவிகளும் இலேசானவை, விலை குறைந்தவை, ஈரத்துக்கும் அதிர்ச்சிக்கும் அஞ்சாதவை. தெளிந்த ஒலியில் மட்டும் வாசிப்பவருக்கும், வாரந்தோறும் ஊர் ஊராகச் செல்பவருக்கும் அவையே பொருந்தும். தம் விரலழுத்தத்தில் குரலை ஆளப் பழகியவருக்கே வால்வின் அருமை பயன்படும். பழகாதவருக்கு அது கனத்த பெட்டி ஒன்றே.

வீட்டார் ஒறுத்துச் சேர்த்த பணத்தோடு கடைக்குச் செல்லும் இளைஞர் மூன்று கேள்விகளை மனத்தில் கொண்டால் போதும். இது என் கைக்கு விடை சொல்கிறதா? நான் வாசிக்கும் இடத்துக்கு இது அளவா? இதன் எர்த் சரியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்ற விடை வந்தால், கடைக்காரருக்கு நன்றி கூறிவிட்டு மற்றொரு நாள் வருவதே மேல். மலையேறித் திரும்பும் பேருந்துக் கட்டணம், தவறான கருவிக்குக் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைவு.